ஆங்கில வகுப்பில் ஒரு பயணத் திட்டம்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் மொழிக் கொள்கை, கல்வியின் எதிர்காலம் என்று பெரிய தலைப்பாக எடுப்பது வழக்கம். நான் ஒரே ஒரு பாடவேளையில் முடிந்துவிடும் ஒரு பயிற்சியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆங்கிலம் கற்பிக்கும் நூல்களில் ஏதோ ஒரு வடிவில் அது திரும்பத் திரும்ப வரும்: "நண்பர்களோடு சேர்ந்து விடுமுறைப் பயணம் ஒன்றைத் திட்டமிடுங்கள்." இருபதாண்டுகளுக்கும் மேலாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன். இந்தப் பயிற்சியை உயிரோடு நடத்தத் தெரிந்த ஆசிரியருக்கு, மொழி வகுப்பில் பேச்சு எங்கிருந்து பிறக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இந்த மேடையில் இதைப் பேசத் துணிந்தேன்.

வழக்கமாக இது எப்படி நடக்கிறது என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்பதாம் வகுப்பு, ஐம்பது பிள்ளைகள். ஆசிரியர் ஐந்தைந்து பேராகப் பிரிக்கிறார். எங்கே டூர் போகிறீர்கள், எத்தனை நாள், என்னென்ன பார்ப்பீர்கள், ஆங்கிலத்தில் பேசி முடிவெடுத்து எழுதுங்கள் என்கிறார். ஏதாவது ஒரு குழுவின் பக்கத்தில் போய் நின்று கேளுங்கள். "ஊட்டிடா." "சரி, ஊட்டி." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளையிடம் நோட்டு போகிறது. மற்ற நால்வரும் அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கால் மணி நேரம் கழித்து அவளே எழுந்து வாசிக்கிறாள்: "வீ வில் கோ டு ஊட்டி. வீ வில் ஸ்டே இன் எ ஹோட்டல். வீ வில் சீ தி ரோஸ் கார்டன். வீ வில் என்ஜாய்." எல்லோரும் கைதட்டுகிறார்கள். அடுத்த குழு கொடைக்கானல். அதற்கடுத்த குழு மறுபடியும் ஊட்டி.

நான்கு வாக்கியங்களிலும் பெரிய பிழை இல்லை. ஆனால் ஐந்து பேரில் நான்கு பேர் ஒரு ஆங்கிலச் சொல்கூடப் பேசவில்லை. ஐந்தாவது பிள்ளையும் எழுதியதை வாசித்தாளே தவிர யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஏன் இப்படி ஆகிறது என்று ஆசிரியர்களைக் கேட்டால், பிள்ளைகளிடம் சொல்வளம் இல்லை, கூச்சப்படுகிறார்கள், தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள் என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றையும் நீக்கிவிட்டாலும் அந்தக் குழு பேசப்போவதில்லை. பேசியே ஆக வேண்டிய தேவை அங்கே ஏற்படவே இல்லை. ஊட்டியைப் பற்றி ஐவருக்கும் தெரிந்தது ஒன்றேதான். நாளுக்கும் பணத்துக்கும் கணக்கில்லை. எங்கே போவதாக எழுதினாலும் யாருக்கும் நட்டமில்லை.

வீட்டில் டூர் பேச்சை எடுத்துப் பாருங்கள். அது ஒரு வாரம் ஓடும். அப்பாவுக்கு லீவு கிடைக்குமா, அத்தை வீட்டாரையும் கூப்பிடுவதா, ட்ரெயினா பஸ்ஸா, டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் நிற்கிறதே கன்ஃபர்ம் ஆகுமா, பாட்டியால் படி ஏற முடியுமா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார்? ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் விரும்புவதற்கு மற்றவர் உடம்போ பையோ இடம் கொடுக்காது. இதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் பாடநூலில் பயணத் திட்டம் என்று போட்டிருக்கிறோம். எடுத்ததையெல்லாம் திரும்ப உள்ளே வைப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

இதற்கு நாம் தொலைவில் போய்த் தேட வேண்டியதில்லை. 1979இல் பெங்களூரில் ஒரு பள்ளிச் சோதனை தொடங்கியது. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு அதற்குத் தலைமை தாங்கினார். பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் சாதாரணப் பள்ளிகளில், பிள்ளைகள் நிறைந்த வகுப்புகளில், 1984 வரை அது நடந்தது. உலகெங்கும் மொழி கற்பித்தலைப் படிப்பவர்கள் 'பெங்களூர் திட்டம்' என்ற பெயரில் அதை இன்றும் படிக்கிறார்கள். நம் பி.எட். வகுப்புகளிலும் பெயர் சொல்லப்படுகிறது. ஆனால் தேர்வுக்கு ஒரு பத்தியாக மட்டும். எனக்கு அது மனக்குறைதான்.

அதுவரை ஆங்கிலப் பாடத்திட்டம் என்பது வாக்கிய அமைப்புகளின் வரிசை. இந்த வாரம் இந்த அமைப்பு, அடுத்த வாரம் அடுத்தது. பிரபு அந்த வரிசையை எடுத்துவிட்டு, செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையை வைத்தார். ரயில் கால அட்டவணையைப் படித்து எந்த வண்டியில் ஏறினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி சொல்வது, நாட்காட்டியை வைத்துக் கணக்குப் போடுவது. பொருளில் மனம் முழுதும் ஊன்றியிருக்கும்போது மொழியின் அமைப்பு உள்ளே தன்னால் உருவாகிவரும் என்பது அவர் கொள்கை. 1987இல் 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி' என்ற நூலில் இதையெல்லாம் எழுதினார். சிறிய நூல்தான்; ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நூலகத்தில் தேடி எடுத்துப் படியுங்கள்.

அவர் வேலைகளை மூன்று வகையாகப் பிரித்தார். ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லாதபோது அதைக் கடத்துவது முதல் வகை. அதைத் தகவல் இடைவெளி என்கிறோம். கையில் இருக்கும் தகவல்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்துப் புதிதாக ஒன்றைக் கண்டடைவது இரண்டாவது, தர்க்க இடைவெளி. தன் விருப்பத்தை, கருத்தைச் சொல்வது மூன்றாவது, கருத்து இடைவெளி. இவற்றில் தர்க்க இடைவெளிதான் வகுப்பில் மிகுதியாகப் பலன் தந்தது என்பது அவர் அனுபவம்.

இப்போது நம் டூர் பயிற்சியை இந்த மூன்றோடு வைத்துப் பாருங்கள். எங்கே போகலாம், என்ன பார்க்கலாம் என்பது முழுக்க முழுக்கக் கருத்து இடைவெளி. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை, ஏனென்றால் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. சரியான விடை என்று ஒன்று இருந்தால் அதை நோக்கி நகரலாம். இங்கே அதுவும் கிடையாது. 'சரி' என்று தலையாட்டுவதுதான் பாதுகாப்பான வழி. இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் "எங்கே போகலாம், நீ சொல்லு" என்று கேட்கும் வீடுகள் நம்மிடம் குறைவு. வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை வகுப்பில், அதுவும் வேற்று மொழியில் கேட்டால் பிள்ளை விழிக்கும். 'இந்த ரயிலைப் பிடித்தால் திங்கட்கிழமை காலை அப்பா வேலைக்குப் போக முடியுமா' என்று கேட்டால் அதே பிள்ளை பதில் தேடத் தொடங்கிவிடும்.

ஊட்டியையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்குப் பிடித்த ஊர். அதை ஏன் விட வேண்டும்? நால்வர் கொண்ட குழு. முன் பெஞ்சில் இருவர் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் போதும், மேசை நாற்காலி நகர்த்த வேண்டாம். நால்வருக்கும் நான்கு சீட்டுகள்.

முதல் சீட்டில் ரயில். சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணியை ஒட்டிக் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மறுநாள் காலை மேட்டுப்பாளையம் சேரும். அங்கிருந்து ஏழு மணிக்குப் பின் மலை ரயில். உதகைக்கு 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஏறத்தாழ 5 மணி நேரம், இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம். இரண்டாவது சீட்டில் பஸ்: மலை ரயில் ஏறும் நேரத்தில் பாதிகூட ஆகாது, கட்டணம் எவ்வளவு, வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது சீட்டில் ஆட்கள். பாட்டிக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினால் வாந்தி வரும். தம்பிக்கு மலை ரயிலில் ஏறியே ஆக வேண்டும். அப்பா திங்கள் காலை வேலையில் இருக்க வேண்டும். நான்காவது சீட்டில் பணம்: மொத்தம் எவ்வளவு இருக்கிறது, அறை வாடகை, சாப்பாடு, தாவரவியல் பூங்கா நுழைவுக் கட்டணம். ஒரே ஒரு விதி: சீட்டை அடுத்தவரிடம் காட்டக் கூடாது. கேட்டால் சொல்லலாம், படித்தும் காட்டலாம். கேள்வியும் ஒன்றுதான்: வெள்ளி இரவு கிளம்பித் திங்கள் காலை சென்னைக்குத் திரும்ப வேண்டும், மலை ரயில் ஏறும்போதா, இறங்கும்போதா, வேண்டவே வேண்டாமா?

இதில் பிள்ளைகள் சிக்கும் இடங்கள் ஒவ்வொன்றும் பாடம். ரயில் அட்டவணையில் 21 மணி என்று போட்டிருப்பது என்ன என்று புரிய ஐந்து நிமிடம் ஆகும். வெள்ளி இரவு ஏறினால் சனி காலைதான் இறங்குவோம் என்பது தாளில் பார்க்கும்போது பலருக்கும் உடனே தெரியாது. இதை நடத்திய ஒரு வகுப்பில் ஒரு பெண் பஸ் வேண்டாம் என்பதற்கு, "இஃப் வீ கோ பை பஸ், கிராண்ட்மதர் வில் வாமிட்" என்றாள். நிபந்தனை வாக்கியத்தை அதற்கு முன் யாரும் அவளுக்குக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்திருக்கவில்லை என்று வகுப்பாசிரியை என்னிடம் சொன்னார். எங்கோ கேட்டது, தேவை வந்தபோது வெளியே வந்துவிட்டது. பாட்டிக்காக ஏறும்போதும் ரயில் என்று ஒரு குழு முடிவெடுத்தது. இன்னொரு குழு, சனிக்கிழமைப் பகல் பாதி வண்டியிலேயே போய்விடுமே, ஞாயிறு பிற்பகல் இறங்கும்போது ரயிலில் வந்தாலும் இரவு சென்னை வண்டியைப் பிடித்துவிடலாமே என்றது. அப்படியானால் ஏறும்போது பாட்டியை என்ன செய்வது என்று முதல் குழு கேட்டது. இரண்டு குழுவும் மோதிக்கொண்டதில் வந்த ஆங்கிலம் கோணல்மாணலானது. ஆனாலும் அது பேச்சு.

இருபதாவது நிமிடத்தில் ஆசிரியர் ஒரு அறிவிப்பை ஆங்கிலத்தில் இரண்டு முறை வாசிக்க வேண்டும்: கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் இடையே மண் சரிவு, மலை ரயில் ரத்து. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பாதையில் இது நடப்பதுதான். பிள்ளைகள் செய்தியில் பார்த்திருப்பார்கள். எல்லாக் குழுக்களின் திட்டமும் அந்த நொடியில் கலைந்துவிடும். கேட்டல் பயிற்சிக்கென்று ஒலிநாடாவைத் தனியாக ஓட்டிக் காட்டுவோமே, அதில் ஒருபோதும் கிடைக்காத கவனம் இந்த நான்கு வரி அறிவிப்புக்குக் கிடைக்கும். 'வேன் பேசிக்கொள்ளலாம்' என்று எப்படியும் ஒருவன் சொல்வான். அப்போது அடுத்த சீட்டை நீட்டுங்கள்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் சொந்த வண்டியிலும் வேனிலும் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவை, அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. மறுபடியும் கணக்கு, மறுபடியும் பேச்சு.

இப்படிப்பட்ட தடைகளைக் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. நம் ஊரே தந்துவைத்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். தஞ்சையிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர், தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 35. தூரம் பெரிதில்லை, நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதுதான் சிக்கல். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சென்னைக்கு நான்கு நாள் வரும் உறவினருக்கு நாள் பிரித்துக் கொடு என்றால் இந்த இரண்டு விடுமுறைகளும் போதும், வகுப்பே தலையைப் பிய்த்துக்கொள்ளும்.

ஆனால் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நினைப்பது வேறொன்று. ஊட்டி, ஹோட்டல், ரோஸ் கார்டன் என்பதெல்லாம் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போகாத பயணம். வெளிநாட்டில் அச்சான பாடநூல் என்றால் கடற்கரை விடுதியும் விமானமும். போகாத இடத்தைப் பற்றி, வாங்க முடியாத பொருளைப் பற்றிப் பேசச் சொன்னால் பிள்ளை மனதுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. ஆங்கிலம் என்பதே வேறு யாரோ சிலருடைய வாழ்க்கை என்று முடிவு கட்டிக்கொள்கிறது. அந்த முடிவு எந்த இலக்கணப் பிழையைவிடவும் ஆபத்தானது. அதே பிள்ளைக்கு ஒரு பயணம் நன்றாகத் தெரியும். குலதெய்வம் கோயிலுக்குப் போவது.

அதில் என்ன இல்லை? ஆடி மாதமா, சிவராத்திரியா? வேனா, லாரியா, டிராக்டரா? வேன் பேசப் போவது எந்தச் சித்தப்பா, முன்பணம் எவ்வளவு? எத்தனை தலை, வேனில் எத்தனை சீட்டு, மடியில் உட்காரும் பிள்ளைகள் கணக்கில் உண்டா? ராகு காலத்துக்கு முன்பே கிளம்ப வேண்டும். மொட்டை யாருக்கு, காதுகுத்து யாருக்கு, தாய்மாமன் எங்கிருந்து வருகிறார், அவர் வரும்வரை காத்திருப்பதா? பொங்கல் பானை, விறகு, கிடா, சமையல்காரர். கோயில் பக்கம் தண்ணீர் கிடைக்குமா, இங்கிருந்தே குடத்தில் கொண்டுபோவதா? திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் இந்தப் பயிற்சியை நடத்தியபோது, வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கவே தயங்கும் ஒரு பையன் வேனில் யார் யாரை எங்கே உட்கார வைப்பது என்று கரும்பலகையில் படம் போட்டே விளக்கினான். பெரியப்பாவை டிரைவருக்குப் பக்கத்தில் வைத்தான். ஏன் என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். "ஹீ நோஸ் ரூட், அண்ட் ஹீ ஆங்ரி இஃப் பேக் சீட்" என்றான். வகுப்பில் எல்லோருக்கும் அந்தப் பெரியப்பாவைத் தெரியும், அவரவர் வீட்டிலும் ஒருவர் இருக்கிறாரே. இந்த விஷயத்தில் ஆசிரியரைவிடப் பிள்ளைக்குத் தெரிந்தது அதிகம். தெரிந்தவன் சொல்கிறான், தெரியாதவர் கேட்கிறார் என்ற நிலை வகுப்பறையில் அரிதாகத்தான் அமைகிறது. அமையும்போது பேச்சு தன்னால் வருகிறது. கோயில் போகாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம், நாகூர் கந்தூரி, முழுப்பரீட்சை லீவுக்கு ஆத்தா ஊர் என்று அவரவர் பயணத்தை அவரவர் கொண்டுவரட்டும்.

இனி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "பேசுங்கள்" என்று சொன்ன உடனே பேசச் சொல்வது பெரிய கொடுமை. பாலின் ஃபாஸ்டர், பீட்டர் ஸ்கெஹான் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் யோசிக்கப் பத்து நிமிடம் கொடுத்தால் பேச்சு தங்குதடை குறைந்து வருகிறது, வாக்கியங்களும் செறிவடைகின்றன என்று கண்டார்கள். நம் பாடவேளை நாற்பது நாற்பத்தைந்து நிமிடம். பத்து கொடுக்க முடியாவிட்டால் ஐந்து கொடுங்கள். சீட்டைத் தனியாகப் படிக்கட்டும், தெரியாத சொல்லைக் கேட்கட்டும், இரண்டு வரி குறித்துக்கொள்ளட்டும். அந்த ஐந்து நிமிட அமைதியைப் பார்த்துப் புது ஆசிரியர்கள் பதறுகிறார்கள். பதற வேண்டாம்.

ஃபாஸ்டரின் 1998ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அல்லாமல் உண்மையான வகுப்பறையில் பார்த்தால், குழுவில் சிலர் பேசுவதே இல்லை என்று அது காட்டியது. இருவர் மட்டும் இருந்து, இருவரிடமும் மற்றவருக்குத் தேவையான தகவல் இருந்தபோதுதான் பேச்சு கூடியது. ஆகவே முதன்முதலில் நடத்துபவர்கள் நால்வர் குழுவுக்குப் போகாமல், இருவருக்கு இரண்டு சீட்டு என்று தொடங்குங்கள். இந்த இடத்தில் பிரபுவோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அவர் குழுப் பேச்சை ஊக்குவிக்கவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் பேசினால் பிழையான ஆங்கிலமே கெட்டிப்பட்டுவிடும் என்று அஞ்சினார். ஆசிரியர் முழு வகுப்போடு சேர்ந்து ஒரு கணக்கைச் செய்து காட்டுவார், பிறகு அதுபோன்ற மற்றொன்றைப் பிள்ளைகள் தனித்தனியே செய்வார்கள். முதல் பகுதி அருமையான முறை. அதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவராக ஆசிரியரோடு பேசினால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. கோணல் ஆங்கிலமாக இருந்தாலும் அது வாய்க்கு வெளியே வர இடம் வேண்டும்.

பிழை கெட்டிப்படும் என்ற அச்சத்துக்கு மருந்து, அதே வேலையை மறுபடி செய்ய வைப்பது. எடின்பரோவைச் சேர்ந்த டோனி லிஞ்ச், ஜோன் மக்லீன் இருவரும் மருத்துவர்களுக்கான ஆங்கில வகுப்பில் ஒரு முறையைச் செய்து பார்த்து 2000இல் எழுதினார்கள். ஒவ்வொரு இணையும் ஒரு சுவரொட்டி தயாரித்து அதன் பக்கத்தில் நிற்கும். பார்வையாளர்கள் சுற்றிவந்து கேள்வி கேட்பார்கள். ஒரே விளக்கத்தை ஆறு பேரிடம் ஆறு முறை சொல்ல நேரும். முறைக்கு முறை பேச்சு திருந்துகிறது, யாரும் திருத்தாமலேயே. நம் வகுப்பில் ஐம்பது பேர் சுற்றிவர இடமில்லை. ஆனால் ஒரு குழுவிலிருந்து ஒரே ஒருவர் திட்டத்தாளோடு எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போகலாம், மூன்று நிமிடம் சொல்லலாம், பிறகு அதற்கடுத்த பெஞ்சு. வாசித்துக் கைதட்டும் சடங்குக்குப் பதில் இதைச் செய்யுங்கள். கேட்பவர்களுக்கும் வேலை கொடுங்கள்: "உன்னிடம் இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, உன் தங்கைக்கு ஐந்து வயது, கேட்ட மூன்று திட்டங்களில் எதில் சேர்வாய்?" அப்போதுதான் கேட்பவர் கேள்வி கேட்பார். வெறுமனே உட்கார்ந்து கேள் என்றால் நாமும்தான் கேட்க மாட்டோம்.

இலக்கணம் எங்கே என்று கேட்பீர்கள். ஜேன் வில்லிஸ் 1996இல் எழுதிய நூலில் வேலை முதலில், மொழியைக் கவனிப்பது பிறகு என்று ஒரு வரிசை வைத்தார். அது எனக்குச் சரியாகப் படுகிறது. 'ஷல் வீ', 'லெட்ஸ்', 'ஹவ் அபவுட்' என்று யோசனை சொல்லும் மூன்று வழிகளையும் முதலிலேயே பலகையில் எழுதிப்போட்டு, இவற்றைப் பயன்படுத்திப் பேசுங்கள் என்றால், பிள்ளை பாட்டியை மறந்துவிட்டு அந்த மூன்றையும் எங்கே செருகலாம் என்று பார்க்கும். குழுக்களுக்கிடையே நடந்து, காதில் விழுந்த ஏழெட்டு வாக்கியங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதி, இதை எப்படிச் சொல்லலாம் என்று கேளுங்கள். 'கிராண்ட்மதர் நோ பஸ்' என்பதை அவர்களே சீர் செய்வார்கள். அந்த வாக்கியம் அவர்களுக்குத் தேவைப்பட்ட வாக்கியம். அதனால் அதன் சரியான வடிவம் மனதில் ஒட்டும். மறுநாள் அதே பயணத்தை வேறு பாட்டி, வேறு வரவு செலவோடு நடத்துங்கள்.

தமிழில் பேசுகிறார்களே என்ற கவலைக்கு என் பதில் எளிது. கணக்குப் போடும்போது தமிழில் போடட்டும். பெரியவர்களான நாமும் பெரும்பாலும் மனக்கணக்கைத் தாய்மொழியில்தான் போடுகிறோம். சீட்டில் இருப்பதைச் சொல்வதும், அடுத்த பெஞ்சுக்குப் போய் விளக்குவதும், முடிவை எழுதுவதும் ஆங்கிலத்தில் நடந்தால் போதும். தமிழ் பேசினால் அபராதம் என்று மிரட்டும் வகுப்பில் ஆங்கிலம் வராது, மௌனம்தான் வரும்.

தேர்வுக்கு இது உதவுமா என்ற கேள்வியைப் பெற்றோரும் தலைமையாசிரியரும் கேட்பார்கள், கேட்கட்டும். பெங்களூர் திட்டத்தை ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் மதிப்பிட்டு 1985இல் எழுதினார்கள். திட்டத்தில் படித்தவர்களையும் வழக்கமான முறையில் படித்தவர்களையும் ஒப்பிட்டபோது, ஒவ்வொரு தரப்பும் தனக்குப் பழகிய வகைத் தேர்வில் முன்னின்றது. இரு தரப்புக்கும் பொதுவான தேர்வுகளில் திட்டத்தில் படித்தவர்கள் பக்கம் தராசு சாய்ந்தது. மதிப்பீட்டாளர்கள் அளந்துதான் பேசினார்கள், நாமும் அளந்தே பேசுவோம். ஆனால் பயணத் திட்டம் முடிந்த பிறகு, உதகையில் அறை கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். வராமல் போனதற்கு மாமாவுக்கு ஒரு கடிதம். எழுத விஷயம் இருப்பதால் எழுதுகிறார்கள். மனப்பாடக் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, சீட்டுகளை யார் தயாரிப்பது? ஒரு ஆசிரியரால் வாரந்தோறும் முடியாது, வீட்டில் அவருக்கும் வேலை இருக்கிறது. என் யோசனை இது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குத் தயாரிக்கட்டும். ஊர் பஸ் நிலையத்தில் போய் நேரப் பலகையைப் பார்த்து எழுதிவரட்டும். கோயில் நடை திறக்கும் நேரத்தை விசாரிக்கட்டும். வேன்காரரிடம் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்டுவரட்டும். அதையெல்லாம் ஆங்கிலத்தில் சீட்டாக எழுதி, எங்கே தடை வைப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். அடுத்தவரைச் சிக்கவைக்கும் புதிர் ஒன்றை உருவாக்க, விளையாடுவதைவிட அதிக மொழி தேவைப்படும். உங்கள் கற்பித்தல் பயிற்சிப் பள்ளிகளில் இந்தப் பருவத்திலேயே ஒரு வகுப்பில் இதைத் தொடங்குங்கள். பிள்ளைகள் எழுதும் சீட்டுகளை இந்தக் கல்லூரி நூலகத்தில் ஒரு கோப்பில் சேர்த்துவைக்க முதல்வர் இசைவு தெரிவித்திருக்கிறார். ஆண்டுதோறும் எந்தச் சீட்டு பேச்சைக் கிளப்பியது, எது கிளப்பவில்லை என்று அதிலேயே குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு வரும் பி.எட். மாணவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள்.